நட்சத்திரத் தொப்பியும் நங்கூரத் தொப்பியும்

விமானம் ஓட்டுகிறவனுக்குக் காய்ச்சல் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. அவன் ஆகாயத்தில் போகிறவன், நம்மைப் போல அட்டைக்கடியிலும் பனியிலும் கிடப்பவன் அல்ல என்றுதான் எண்ணியிருந்தேன். ஜப்பான் காலத்தில் எங்கள் தோட்டத்துத் துரை பங்களாவில், கம்பளிக்கு மேல் கம்பளி போர்த்தியும் பல் கிட்டி உதறிக்கொண்டு கிடந்த ஒரு பையனைக் காட்டி, "இவனும் ஏரோப்ளேன் ஓட்டுறவன்தான்" என்று சமையல்கார நானா சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அதற்கு முன் விமானங்களை நான் பார்த்ததெல்லாம் கொழுந்து நிரையிலிருந்து அண்ணாந்துதான். சண்டை மலாயாவுக்குள் வந்த அந்த மழை மாதத்தில் அவை எங்கள் மலையைத் தாண்டி ஈப்போ பக்கம் பறந்து போகும். முதல் முறை சத்தம் கேட்டபோது கங்காணி எங்களைத் தேயிலைச் செடிக்கடியில் படுக்கச் சொன்னார். ஈர மண்ணில் கன்னத்தை வைத்துக்கொண்டு, "நம்ம துரையோட ஏரோப்ளேனா இருக்கும்லா" என்று பக்கத்தில் படுத்திருந்தவள் சொன்னாள். அவள் சொன்னதில் தப்பில்லை. எங்கள் ஆகாயப் படை வரும், பயப்படாமல் வேலையைப் பாருங்கள் என்று துரை அந்த வாரம்தான் ஆள் எண்ணும் காலைப் பெரட்டில் எல்லாரையும் நிற்க வைத்துச் சொல்லியிருந்தார். ஆனால் இறக்கையில் ஜப்பான்காரனின் சிவப்பு வட்டம் இருந்தது.

ஈப்போ ரயில் ஸ்டேஷனில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த என் அண்ணன் அவை போட்ட குண்டுகளில் போனான். அவன் உடுத்தியிருந்த துணிகூட எங்கள் கைக்கு வரவில்லை. துரையின் ஆகாயப் படையும் வரவில்லை. சில நாளில் துரை தன் காரை எடுத்துக்கொண்டு தாப்பா ரோட்டில் இறங்கிப் போய்விட்டார். விமானம் ஓட்டியவனின் கை அழுகிப் போகவேண்டும் என்று தினமும் சாமி படத்துக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான்.

அதன்பிறகு நடந்தது எல்லாத் தோட்டத்திலும் நடந்ததுதான். பாதித் தேயிலையைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டோம். அரிசியைக் கண்ணால் பார்ப்பது அரிதாகிவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்த மருந்தையெல்லாம் சிப்பாய்கள் லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட டிரெசர் ஐயா காலி அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார்.

ஒரு நாள் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி எங்கள் லைன் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"பங்களாவுல ஜப்பான்காரங்க வந்து எறங்கியிருக்காங்க. சமையக்கட்டுக்கு ஒரு ஆள் வேணும். ஒன் மகள அனுப்பு."

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "ஐயா, வயசுப் பொண்ணு. நான் வரேன்."

"நீ வெறகு தூக்க முடியாது. வந்திருக்கிறவங்க எல்லாம் சீக்காளிங்க. ஓய்வுக்குன்னு மேல அனுப்பியிருக்காங்க. அடுப்படியில நானா இருக்காரு. ஒண்ணும் ஆவாது."

அம்மா என் முகத்தில் கரியைத் தடவி, கிழிந்த சட்டையைப் போட்டு அனுப்பினாள். நானா, தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம். அரிசி இல்லாமல் கடையை மூடியவரைச் சிப்பாய்கள் சமையலுக்குப் பிடித்து வந்திருந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும், "கழுவிட்டு வா, தங்கச்சி. இவனுங்க நெலமைய நீயே பாத்துக்க" என்றார்.

பார்த்தேன். வெராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். முழங்கையிலிருந்து விரல் வரை தீப்பட்டுத் தோல் சுருங்கிப் போனவன் ஒருவன் இருந்தான். இன்னொருவனுக்குத் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கக்கூட முடியவில்லை, நானாதான் வாயில் வைத்துக் கொடுத்தார். பெரும்பாலும் என் அண்ணன் வயசு, சிலர் அதற்கும் குறைவு. இவர்கள்தான் அந்தச் சிவப்பு வட்டக்காரர்கள் என்பது என் மண்டையில் ஏறவே நேரம் பிடித்தது. சபித்த வாயோடு அவர்கள் எச்சில் கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்றேன்.

தோட்டத்தில் பெரிய துரை பங்களா ஒன்று, சின்ன துரை பங்களா ஒன்று. நடுவில் ஒரு புல்தரை, ஒரு ரோஜா வேலி. இரண்டுக்கும் சேர்த்துப் பின்னால் ஒரே சமையல்கட்டு. அங்கே நானா இரண்டு அடுப்பு மூட்டியிருந்தார். இரண்டு பானை, இரண்டு அரிசி மூட்டை, உப்புக்கும் இரண்டு ஜாடி. ஒரு பக்கத்துச் சாமான்களில் சுண்ணாம்பால் நட்சத்திரம் போட்டிருந்தது. மறுபக்கத்தில் தூண்டில் முள் போல ஏதோ ஒன்று.

"அது முள் இல்ல, நங்கூரம்" என்றார் நானா. நாகப்பட்டினத்தில் பிறந்தவர் அவர். "கப்பல நிறுத்தப் போடுவாங்களே, அது. பெரிய பங்களாக்காரன் தொப்பியில நட்சத்திரம். சின்ன பங்களாக்காரன் தொப்பியில நங்கூரம். இந்தப் பானையில இருக்கிறது அந்தப் பக்கம் போவக்கூடாது. மறந்துடாத."

நான் மறந்தேன். வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே நங்கூரப் பானைக்கு உப்புப் போதவில்லை என்று கை போன போக்கில் நட்சத்திர ஜாடியிலிருந்து ஒரு பிடி அள்ளிப் போட்டுவிட்டேன். வாசலில் நின்ற சின்ன பங்களாத் தலைவர் அதைப் பார்த்துவிட்டார். கத்தவில்லை, என்னை அடிக்கவும் இல்லை. பானையைத் துணியால் பிடித்துத் தூக்கிப்போய், கொதிக்கும் சோற்றை அப்படியே புல்லில் கவிழ்த்தார். வெள்ளைச் சோறு. லைனில் பிள்ளைகள் மரவள்ளித் தோலைச் சுட்டுத் தின்றுகொண்டிருந்த நாள் அது. புல்லில் ஆவி பறக்கக் கிடந்த சோற்றை நானும் நானாவும் பார்த்துக்கொண்டே நின்றோம். எடுக்க எங்களுக்குத் துணிச்சல் இல்லை.

மறுநாள் பங்களாக்காரர்களின் காயத்துக்குக் கட்டுப்போட வந்த டிரெசர் ஐயாவிடம் கேட்டேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியும், ஜப்பான் மொழியும் கொஞ்சம் பழகியிருந்தார்.

"ஐயா, இவங்க ரெண்டு நாட்டுக்காரங்களா?"

"ஒரே நாடுதான். ஒரே ராசா."

"அப்புறம் ஏன் உப்பக்கூடத் தொட மாட்றாங்க?"

அவர் சுற்றிப் பார்த்துவிட்டு அடுப்படிப் படியில் உட்கார்ந்தார். "வெள்ளைக்காரனுக்குத் தரைப்படை, கப்பல்படை, ஆகாயப்படைன்னு மூணு தனித்தனியா இருக்கு. ஏரோப்ளேன் முக்காவாசி ஆகாயப்படை கையில. ஜப்பான்காரனுக்கு ஆகாயப்படைன்னு தனியா ஒண்ணு கெடையாது. தரைப்படை தனக்குன்னு ஏரோப்ளேன் வச்சிருக்கு. கப்பல்படை தனக்குன்னு வச்சிருக்கு. நட்சத்திரம் தரைப்படை. நங்கூரம் கப்பல்படை. ஒருத்தன் வண்டிய இன்னொருத்தன் ஓட்ட முடியாதாம். ஆணிகூட வேற வேறயாம்."

"யாரு சொன்னா?"

"சின்ன பங்களாவுல ஒருத்தன் இங்கிலீஷ் பேசுறான். அவன்தான் சொன்னான். ஆரம்பத்துல தரைப்படைக்கு ஏரோப்ளேன் வித்தைய பிரெஞ்சுக்காரன் வந்து சொல்லிக்குடுத்தானாம். கப்பல்படைக்கு யாரு தெரியுமா? இங்கிலீஷ்காரன்."

"நம்ம துரை ஆளுங்களா?"

"அவங்கதான். கப்பல்லேருந்து எப்படிப் பறக்கிறது, கப்பல எப்படி அடிக்கிறதுன்னு பள்ளிக்கூடம் வச்சுச் சொல்லிக்குடுத்தாங்களாம். படிச்ச பையன் வாத்தியாரோட கப்பலையே குவாந்தான் கடல்ல முக்கிட்டான்."

அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. எனக்கு ஈப்போ ஞாபகம் வந்தது. யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்து, அது எங்கெங்கோ சுற்றி, கடைசியில் மூட்டை தூக்கிய என் அண்ணன் தலையில் வந்து விழுந்திருக்கிறது. அன்று முழுக்க என்னால் வேலை பார்க்க முடியவில்லை.

இங்கிலீஷ் பேசுகிறவன் என்று டிரெசர் ஐயா சொன்னது, கம்பளிக்குள் உதறிக்கொண்டு கிடந்தானே, அவனைத்தான். நடுவில் காய்ச்சல் தணிந்து எழுந்து உட்கார்ந்திருந்தான். கோப்பையைக் கொடுத்தால் தலையை லேசாகக் குனிவான். அந்தக் கூட்டத்தில் எனக்குத் தலை குனிந்தவன் அவன் ஒருவன்தான். அடைமழை பிடித்த சமயம் மறுபடியும் படுத்தான். இந்த முறை கடுமை. கண் மஞ்சளாகி, யாரையோ கூப்பிட்டுக்கொண்டே கிடந்தான்.

"மலேரியா. கொய்னா குடுத்தாப் பொழைப்பான்" என்றார் டிரெசர் ஐயா. "நங்கூரக்காரங்க பெட்டியில ஒரு மாத்திரைகூட இல்ல. கீழேருந்து வர்ற லோரி மண்சரிவுல மாட்டிக்கிச்சு."

"பெரிய பங்களா அலமாரியில இருக்குதே. நான் தூசி தட்டுறப்பப் பாத்தேன், டப்பா டப்பாவா அடுக்கி வச்சிருக்காங்க."

"தெரியும். அதான் போய்க் கேக்கப் போறேன்."

அவர் புல்தரையைக் கடந்து பெரிய பங்களாப் படி ஏறியதை விறகடியிலிருந்து பார்த்தேன். அங்கிருந்த தலைவர் கட்டையான மனிதர், எப்போதும் பூட்ஸ் பளபளக்க நிற்பவர். டிரெசர் ஐயா குனிந்து குனிந்து ஏதோ சொன்னார். தலைவர் கேட்டுக்கொண்டார். பிறகு கையை ஓங்கி அவர் காதோடு சேர்த்து ஓர் அறை விட்டார். மூக்குக்கண்ணாடி படியில் உருண்டு விழுந்தது. தோட்டமே கைகட்டி நிற்கும் டிரெசர் ஐயாவை ஒருவன் அடிப்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அவர் பைப்படியில் வந்து உட்கார்ந்தார். நானா தண்ணீர் கொடுத்தார்.

"என்ன சொல்றான்?"

"கப்பல்படைக்காரன் செத்தா கப்பல்படை பொதைச்சுக்கட்டும்கிறான். தரைப்படைச் சாமான்ல கை வைக்க நீ யாருன்னு கேட்டு அடிச்சான்." கொஞ்ச நேரம் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். "சரக்கு இருக்கு நானா. எட்டிப் பிடிக்கிற தூரத்துல இருக்கு. அவன் ஆளையே சாவ விடுறான்."

அண்ணனைக் கொன்றவர்கள் ஒருவரை ஒருவர் கொன்றுகொள்ளட்டும் என்று நான் நினைத்திருக்கலாம். நினைக்கத் தோன்றவில்லை. ஒரே கொடிக்கு முன்னால் காலையில் ஒரே பக்கம் திரும்பிக் கும்பிடுகிறவர்கள் இப்படியும் இருப்பார்களா என்ற திகைப்பிலேயே கிடந்தேன்.

மறுநாள் மத்தியானம், தீப்பட்ட கைக்காரன் வெந்நீர் கேட்டுச் சமையல்கட்டுக்கு வந்தான். நட்சத்திரத் தொப்பிக்காரன். அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. குவளையை நீட்டினான். வாங்கினால் அதன் அடியில் காகிதத்தில் பொட்டலம். பிரித்தேன். கொய்னா மாத்திரைகள். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் மோவாயால் சின்ன பங்களாப் பக்கம் காட்டி, தெரிந்த அரைகுறை மலாயில், "காசி தியா" என்றான். அவனுக்குக் கொடு என்று அர்த்தம்.

அவன் வெந்நீரை வாங்கிக்கொண்டு, ஒன்றும் நடக்காதவன் போல மழையில் நடந்து போனான்.

பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு டிரெசர் ஐயாவிடம் ஓடினேன். அவர் மாத்திரையை நசுக்கிக் கஞ்சித் தண்ணீரில் கரைத்து, மூக்கைப் பிடித்து நோயாளியின் வாயில் ஊற்றினார். நாளாக நாளாகக் காய்ச்சல் இறங்கியது. ஒரு காலையில் கஞ்சிக் கிண்ணத்தை அவனே கையில் பிடித்தான். வாங்கும்போது தலை குனிந்தான். நானா திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

பிறகு பெரிய பங்களாவில் மருந்து குறைந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

எல்லாரையும் புல்தரைக்கு வரச் சொன்னார்கள். நட்சத்திரக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். எங்களை ஒரு பக்கம் நிறுத்தினார்கள். கட்டைத் தலைவர் நேராக நானாவிடம் வந்து அவர் தாடியைப் பிடித்தார். சமையல்காரன்தான் திருடியிருப்பான் என்று முடிவு கட்டிவிட்டார் போலிருக்கிறது. நானா கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் ஓத ஆரம்பித்தார். நான் வாயைத் திறந்து ஏதாவது சொல்லியிருப்பேனா, தெரியவில்லை. அதற்குள் வரிசையிலிருந்து ஒருவன் முன்னால் வந்தான். தீப்பட்ட கைக்காரன். விறைப்பாக நின்று இரண்டு வார்த்தை சொன்னான். தலைவர் நானாவை விட்டுவிட்டார்.

அந்த அடியை எப்படிச் சொல்வது. கங்காணி கையில் அடி வாங்கியவர்களை எனக்குத் தெரியும். வாங்குகிறவன் கையைத் தூக்கி மறைப்பான், குனிவான், ஓடப் பார்ப்பான். இவன் எதுவும் செய்யவில்லை. அடி விழுந்ததும் தலை ஒரு பக்கம் போகும், உடனே நேராக வரும், ஜப்பான் மொழியில் சரி என்பதுபோல "ஹை" என்பான். அடுத்தது விழும். கை வலித்ததும் தலைவர் அவன் செருப்பையே கழற்றச் சொல்லி வாங்கி அதால் அடித்தார். வாயில் ரத்தம் வந்தது. ஆகாயத்தில் பறந்து ஊர் ஊராக நடுங்க வைத்தவன் எங்கள் தோட்டத்துப் புல்லில் கூலியாளைவிடக் கேவலமாக அடி வாங்குகிறான். அவன் கை அழுகட்டும் என்று வேண்டியவள் நான். அந்தக் கையைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு அவன் நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. மாத்திரை எங்கே போனது என்று அவன் சொல்லவில்லை. ஆனால் டிரெசர் ஐயா வந்து கெஞ்சியது தலைவருக்கு மறக்குமா. தலைவர் தன் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, ரோஜா வேலியைத் தாண்டிச் சின்ன பங்களாவுக்குப் போனார். அந்தப் பங்களாத் தலைவர் வெளியே வந்தார். இருவரும் மரியாதையாக ஒருவருக்கொருவர் குனிந்து வணங்கினார்கள். விருந்துக்கு அழைக்கிறவர்கள் மாதிரி மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். மறுபடி வணங்கினார்கள்.

பிறகு நங்கூரத் தலைவர் உள்ளே போய், படுக்கையில் கிடந்தவனை எழுப்பி வெளியே நடத்தி வந்தார். அவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தூணைப் பிடித்தான். விடச் சொன்னார். விட்டான். அறைந்தார். விழுந்தான். எழுந்திருக்கச் சொல்லி மறுபடியும் அறைந்தார்.

"ஐயா, இவன எதுக்கு அடிக்கிறாரு? இவன் நெனவில்லாமக் கெடந்தவன்தான?" என்று டிரெசர் ஐயாவிடம் முணுமுணுத்தேன்.

அவர் அடி படாத காதை அந்தப் பக்கம் திருப்பிக் கேட்டுவிட்டுச் சொன்னார். "தரைப்படைக்காரன்கிட்டப் பிச்சை வாங்கி உயிர் பொழைச்சியான்னு அடிக்கிறான்."

கொடுத்தவன் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றான். வாங்கியவன் அந்தப் பக்கம் விழுந்து விழுந்து எழுந்தான். அவர்கள் ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசியதுகூடக் கிடையாது என்று பிறகு தெரிந்தது. நானா என் தோளைப் பிடித்துத் திருப்பிச் சமையல்கட்டுக்குள் தள்ளினார்.

மறுநாள் விடிந்ததும் தீப்பட்ட கைக்காரனை லோரியில் ஏற்றினார்கள். முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. அவித்த மரவள்ளிக் கிழங்கைத் துணியில் முடிந்து எடுத்துப் போய், யாரும் பார்க்காத நேரம் அவன் மடியில் போட்டேன். அவன் குனிந்து பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. லோரி போய்விட்டது. ஈப்போவில் குண்டு போட்டவன் அவனாகவே இருந்திருக்கலாம். கேட்க எனக்கு அவன் மொழி தெரியாது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிழங்கு கொடுத்ததைச் சொன்னபோது முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஒங்கண்ணனக் கொன்னவனுக்கா குடுத்த?"

"அவன்தான்னு தெரியாதும்மா."

"அவன் இல்லன்னும் தெரியாதுல்ல?"

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நங்கூரக்காரன் நடக்கத் தேறியதும் டிரெசர் ஐயாவிடம் ஒன்றே ஒன்று கேட்டானாம். மாத்திரை கொடுத்தவன் பெயர் என்ன என்று. டிரெசர் ஐயாவுக்குத் தெரியாது, எங்கள் யாருக்கும் தெரியாது. பெரிய பங்களாவில் போய்க் கேட்க அவனால் முடியாது. சில நாளில் அவனையும் கூட்டிப் போனார்கள். போகும்போது சமையல்கட்டு வாசலில் நின்று தலை குனிந்தான். இந்த முறை வெகு நேரம் நிமிரவில்லை.

அதற்கப்புறம் பங்களாவுக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள், பிறகு நின்றே போனார்கள். வேறு நாட்டு விமானங்கள் வந்து காகிதம் போட்டன. சண்டை முடிந்ததென்று அந்தக் காகிதத்தைப் படித்து டிரெசர் ஐயா சொன்னார். அடி விழுந்த காது அவருக்குக் கடைசிவரை சரியாகவில்லை. நானா தானா ராத்தாவில் பழைய இடத்திலேயே கடையைத் திறந்தார்.

எனக்குக் கல்யாணம் ஆனது அடுத்த வருஷம். நான் கட்டிக்கொண்டவர், சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரர்களால் பிடித்துப் போகப்பட்டு, கூடப் போனவர்கள் பலர் காய்ச்சலில் செத்துப்போக, உயிரோடு திரும்பியவர். அங்கே நடந்ததைப் பற்றி அவர் பேசமாட்டார், நானும் கேட்கமாட்டேன். ஒரு நாள் மழைக்காக வேலை நின்று இரண்டு பேரும் வீட்டில் இருந்தபோது இந்தக் கதையை அவரிடம் சொன்னேன். அடி வாங்கிய இடத்தை நான் சொல்லி முடிக்கும்வரை அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"ஜப்பான்காரன் மாத்திரை குடுத்தானா?" என்று கேட்டார்.

"குடுத்தான். என் கையிலதான் குடுத்தான்."

"கொய்னாவா?"

"ஆமா."

நம்பாதவர் போலக் கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க கேம்ப்புல ஒருத்தன்கூட..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். எழுந்து போய் மழையைப் பார்த்தபடி வாசலில் நின்றார்.